ஒரே இழுப்பு

அந்தக் காலைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கோங்க அக்கா. சாக்கில் இருப்பது நெல் இல்லை, ஜெனரேட்டர். சின்னதுதான், ஆனால் பஸ் பள்ளத்தில் விழும்போது விரல் மேலே உட்கார்ந்தால் விரல் இருக்காது. பெட்ரோல் இல்லை, பயப்படாதீங்க. ஒரு சொட்டு விடாமல் கவிழ்த்து ஊற்றிவிட்டுத்தான் ஏறினேன். கண்டக்டர் குனிந்து மோந்து பார்த்தார். "ஏம்மா, இது லாரியில ஏத்துற சாமான்" என்றார். "எங்கிட்ட லாரி இருந்தா உங்களை எதுக்குண்ணே கெஞ்சுறேன்" என்றேன். சிரித்துவிட்டார். சிரிக்க வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரிதான்.

இவள் மிதுனா, என் மகள். உங்கள் வளையலை இழுத்தால் கையில் ஒரு தட்டுத் தட்டுங்க, நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

எங்கே போகிறேனா? அம்மா வீட்டுக்கு. விருந்துக்கு இல்லை, குடித்தனத்தோடு போகிறேன். வீட்டுக்காரர் காலையிலேயே குட்டியானை வண்டியில் கட்டில், பாத்திரம், குஞ்சு பொரிக்கிற பெட்டி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். இந்த ஜெனரேட்டரை மட்டும் நான் அந்த வண்டியில் ஏற்றவிடவில்லை. ஏனென்றால் அந்தக் குட்டியானை நாகஜோதியின் தம்பியுடையது.

நாகஜோதி யார் என்கிறீங்களா. அதைத்தானே சொல்லப் போகிறேன். ஒட்டன்சத்திரம் வருகிறவரைக்கும் நேரம் இருக்கிறது.

நாகஜோதி என் ஓரகத்தி. வீட்டுக்காரரின் அண்ணன் பெண்டாட்டி. எங்களுக்கு ஒரே வாசல், இரண்டு அடுப்பு. கல்யாணமாகி வந்த புதிதில் அக்கா அக்கா என்று அவள் பின்னாடியேதான் திரிந்தேன். இவள் பிறந்தபோது பச்சை உடம்புக்காரி என்று என்னைத் தண்ணீர் தொடவிடவில்லை. என் துணியைக்கூட அவள்தான் துவைத்துப் போட்டாள். அதெல்லாம் உண்மைதான். இல்லை என்று சொன்னால் என் வாய் அழுகிப் போகும். ஆனால் அது அப்போது. அப்போது எங்களிடம் ஜெனரேட்டர் இல்லை.

நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து குஞ்சு பொரித்துக் கொடுத்தோம் அக்கா. ஊர்க்காரர்கள் முட்டை கொண்டுவருவார்கள். சிறுவிடைக் கோழி முட்டை வரும். சண்டைச் சேவல் வளர்க்கிறவர்கள் கிளிமூக்குக் கோழி முட்டையைப் பஞ்சில் சுற்றிக் கொண்டுவருவார்கள், பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி அவ்வளவு மரியாதையாக. மூன்று வாரம் பெட்டிச் சூட்டில் வைத்துக் குஞ்சாகத் திருப்பிக் கொடுப்போம். சூடும் ஈரப்பதமும் என் பொறுப்பு. டார்ச் அடித்து, எது கருக்கட்டியது, எது கூமுட்டை என்று பார்ப்பது அவள் பொறுப்பு. முட்டையைக் கையில் எடுத்து இப்படி ஒரு திருப்புத் திருப்புவாள், அவ்வளவுதான். அவள் கண்ணுக்கு ஒன்றும் தப்பாது.

கண் என்றா சொன்னேன். ஆமாம், அந்தக் கண்தான்.

எங்கள் ஊர்க் கரண்டு மாமியார் வீட்டுக்கு வந்த மருமகன் மாதிரி. எப்போது வரும், எப்போது கோபித்துக்கொண்டு போகும், தெரியாது. கொஞ்ச நேரம் போனால் பெட்டி தாங்கிக்கொள்ளும். அரை நாள் போனால் உள்ளே இருக்கிற உயிர் தாங்காது. அதனால் இந்த ஜெனரேட்டரை வாங்கினோம். பழசுதான். வந்திறங்கிய அன்றைக்கு வாசலில் வைத்து நான்தான் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். ஒரே இழுப்பு. படபடவென்று எடுத்துக்கொண்டது. தெருவே எட்டிப் பார்த்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த நாகஜோதி தலையைத் தூக்கினாள். தூக்கி என்ன சொன்னாள் தெரியுமா.

"அடியாத்தி, ஒரே இழுப்புல எடுத்துருச்சே. என்ன அழகா ஓடுது. உன் கைராசியே ராசி புள்ள."

சொன்னாளா. ஒருத்தி இப்படி வாய்விட்டுச் சொல்லலாமா அக்கா? திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. திட்டினால் இரும்புக்கு ஒன்றும் ஆகாது. என்ன அழகு, என்ன ராசி என்று, அதுவும் வெங்காயம் உரித்துக் கண்ணெல்லாம் சிவந்திருக்கிற நேரத்தில், நேராகப் பார்த்துச் சொன்னால் எது தாங்கும்?

அடுத்த வாரமே நின்றுபோனது.

இழுத்தேன், இழுத்தேன், அசையவில்லை. யாகப்பன் அண்ணனைக் கூப்பிட்டேன். சந்தைக்கு எதிரே பம்புசெட்டு, ஜெனரேட்டர் எல்லாம் பார்க்கிறவர். வந்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். நுனி அடுப்புக்கரி மாதிரி இருந்தது. "சோக்கை மூடுனபடியே ஓட்டியிருக்கம்மா. எடுத்ததும் திறந்துவிடணும். கரி அடைச்சுப் போச்சு" என்றார். நான் சோக்கை மறக்கவே மாட்டேன் அக்கா. அன்றைக்கு இவளுக்குக் காய்ச்சல், தூக்கிக்கொண்டு அங்கேயும் இங்கேயும் ஓடினேன், அது வேறு விஷயம். மறந்தேன் என்று மட்டும் சொல்லாதீங்க.

உப்புத்தாளை வைத்துத் தேய்த்து மாட்டினார். ஓடியது.

அன்றைக்கே அவரிடம் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு தடவையும் ஆளைக் கூப்பிட முடியுமா? எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை படித்தவள் நான், இரண்டு தடவை சொன்னால் பிடித்துக்கொள்வேன். முதலில் பெட்ரோல் இருக்கிறதா பார். ஆயில் குறைந்திருந்தால் தானாகவே நின்றுவிடும், அதைப் பார். பிறகு பிளக்கைக் கழற்று. நனைந்திருந்தால் துடைத்துக் காயவிடு. கருத்திருந்தால் தேய். பிளக்கை அதன் ரப்பர் தொப்பியில் மாட்டி, தொப்பியை மட்டும் பிடித்துக்கொண்டு, பிளக்கின் இரும்பு என்ஜின் உடம்பில் படுகிற மாதிரி வைத்து இன்னொருத்தரைக் கயிற்றை இழுக்கச் சொல். நுனியில் நீலமாகப் பொறி வந்தால் நல்ல பிளக். பொறியே வராவிட்டால் பிளக்கை மாற்று, அதற்கும் வராவிட்டால் பொறிக்குக் கரண்டு கொடுக்கிற காயிலை மாற்று. நான் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

இன்னொன்றும் சொன்னார். "இந்தப் பொறிதாம்மா என்ஜினுக்கு உயிரு. ஆனா கரண்டு இருக்கே, அது பெரிய சோம்பேறி. கஷ்டப்பட்டு இடைவெளியைத் தாண்டிக் குதிக்கணும்னு அதுக்கு ஆசை கிடையாது. பக்கத்துல ஈரமோ இரும்போ கிடைச்சா அதுல இறங்கி உடம்புக்குள்ள போயிரும். அதுக்குத்தான் சுத்தி பீங்கானும் ரப்பர் தொப்பியும்."

அன்றிலிருந்து அந்தத் தொப்பியில் ஒரு சொட்டு ஈரம் படவிட்டதில்லை. பழைய வேட்டித் துணியில் தினமும் துடைப்பேன். பிள்ளைக்கு மூக்குத் துடைக்கிறேனோ இல்லையோ, அதற்குத் துடைப்பேன்.

அவர் போனதும் யோசித்தேன். உயிர் பிளக்கில் இருக்கிறது. கண் விழுவதும் உயிரில்தான். அப்படியென்றால் காப்பு எங்கே கட்டணும்? நீங்களே சொல்லுங்க. வீட்டுக்கு வாசலில் கட்டுகிறோம், வண்டிக்கு முன்னாடி கட்டுகிறோம். இதற்கு உயிர் இருக்கிற இடத்தில்தானே கட்டணும்? ஒரு எலுமிச்சம்பழம், நாலு பச்சைமிளகாய், ஒரு கரித்துண்டு. நூலில் கோத்துப் பிளக்கிலேயே கட்டினேன். வெள்ளிக்கிழமை கட்டினேன், சனிக்கிழமை கரண்டு போனது. இழுத்தேன். ஓடியது பாருங்க. பழத்துக்கு இருக்கிற சக்தி அது.

ஆனால் என்ஜின் சூட்டில் நூல் கருகிப் பழம் சைலன்ஸர் மேலே விழுந்துவிட்டது. தெரு முழுக்க ஊறுகாய் கருகின வாசனை. நாகஜோதி விழுந்து விழுந்து சிரித்தாள். "என்ன புள்ள, ஜெனரேட்டருக்கு மசக்கையா, புளிப்பு கேக்குதா" என்றாள். அவள் வீட்டுக்காரரும் சிரித்தார். என் வீட்டுக்காரரும் சேர்ந்து சிரித்தார். அவரை அன்றைக்கு இரவு ரசச் சோற்றோடு விட்டேன்.

சிரிக்கட்டும். நான் சளைக்கிற ஆள் இல்லை. நூல் கருகினால் கம்பி கருகாதில்லையா. பழைய மோட்டாரில் உருவின செப்புக்கம்பி வீட்டில் கிடந்தது. மேல் பூச்சை அரிவாளால் சுரண்டிப் பளபளவென்று ஆக்கினேன், சாமி காரியத்துக்கு அழுக்குக் கம்பியா. பழத்தையும் மிளகாயையும் அதில் கோத்தேன். ஒரு நுனியைப் பீங்கானில் சுற்றி, வழுக்காமல் இருக்கத் தொப்பிக்குள்ளே நன்றாகச் செருகிவிட்டேன். மறு நுனியை என்ஜின் போல்ட்டில் முறுக்கினேன். அசைத்துப் பார்த்தேன், அசையவில்லை. புயல் வந்தாலும் விழாது.

அங்கேதான் அக்கா அவள் வேலையைக் காட்ட ஆரம்பித்தாள்.

அடுத்த தடவை கரண்டு போனபோது இழுக்கிறேன், ஒரு இருமல்கூட இல்லை. செத்த மாடு மாதிரி கிடக்கிறது. யாகப்பன் அண்ணனுக்குப் போன் போட்டேன். அவர் மாதா கோயிலுக்குப் போகிறவர், நம்ம பழத்தையும் மிளகாயையும் பார்த்துச் சங்கடப்படக் கூடாது என்று அவர் வண்டிச் சத்தம் கேட்டதும் கழற்றி உள்ளே வைத்துவிட்டேன். பெரியவர்களிடம் நமக்கும் ஒரு இங்கிதம் வேண்டாமா? அவர் வந்தார், பிளக்கைக் கழற்றிப் பார்த்தார், மாட்டினார், இழுத்தார். ஓடியது.

"இதுல ஒண்ணுமில்லையேம்மா" என்றார்.

"இவ்வளவு நேரம் செத்துக் கிடந்துச்சுண்ணே."

"ஈரம் கோத்திருக்கும்."

அவர் போனதும் புதுப் பழம் கட்டினேன். கரண்டு போனது. ஓடவில்லை. அவர் வந்தார். ஓடியது. பிளக்கை மாற்றினார். மறுபடியும் நின்றது. காயிலை மாற்றினார். மறுபடியும் நின்றது. கடைக்கே கொண்டுவரச் சொன்னார். கண் கழிக்கிற பழம் அடுத்தவர் வாசலுக்குப் போகக் கூடாது, அதனால் கழற்றி முச்சந்தியில் போட்டுவிட்டு மொபெட்டில் வைத்துக் கொண்டுபோனேன். கடையில் இவள் சும்மா கயிற்றைப் பிடித்து விளையாடினாலே ஓடிவிடும் போல அப்படி ஓடுகிறது. யாகப்பன் அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "வீட்டுல யாரு இழுக்கிறா? நீதானா?" என்று கேட்டார். என் கையைச் சந்தேகப்படுகிறார் பாருங்க. முதல் நாள் ஒரே இழுப்பில் எடுத்த கை இது.

நானே சோதித்தும் பார்த்தேன். பழத்தைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, பிளக்கைக் கழற்றி, வீட்டுக்காரரை இழுக்கச் சொல்லிப் பார்த்தேன். நீலப் பொறி, சடக் சடக் என்று வருகிறது. கண்ணால் பார்த்தேன். மாட்டினேன், பழத்தைக் கட்டினேன், இழுத்தேன். இல்லை. பெட்ரோல் இருக்கிறது, ஆயில் இருக்கிறது, பொறி இருக்கிறது, காப்பும் கட்டியிருக்கிறது. பிறகு எதுதான் இல்லை? யாரோ நல்ல மனசோடு இல்லை. அதைத் தவிர வேறு என்ன அக்கா இருக்க முடியும்?

கடையில் ஓடுகிறது. யாகப்பன் அண்ணன் வந்தால் ஓடுகிறது. எங்கள் வாசலில், நாகஜோதி உட்கார்ந்து பார்க்கிற இடத்தில் மட்டும் ஓடமாட்டேன் என்கிறது.

முதலில் நான் வாயைத் திறக்கவில்லை. அவள் கொடுக்கிற குழம்பை வாங்குவதை நிறுத்தினேன். கோலம் போடும்போது வாசல் நடுவில் ஒரு கோடு இழுத்து என் பக்கம் மட்டும் போட்டேன். அவள் அந்தக் கோட்டின் மேலேயே ஒரு பூவைப் போட்டுவிட்டுப் போனாள். என்ன திமிர் பாருங்க. மிதுனாவை அவள் பக்கம் விடவில்லை. இது என்னடா என்றால் நான் அசந்த நேரம் தவழ்ந்து அங்கேதான் போகிறது. அவள் இதற்கு ஏதோ மருந்து வைத்திருக்கிறாள் என்று நினைக்கிறேன்.

ஒருநாள் நான் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் வீங்கிப் போய் உட்கார்ந்திருக்கிறேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். வந்து, "சின்னவளே, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. அந்தப் பழத்தைக் கழட்டிட்டு ஒரு தடவை இழுத்துப் பாரேன்" என்றாள்.

எனக்கு உள்ளங்காலில் இருந்து ஏறியது.

"ஏன், பழம் உங்களை என்ன பண்ணுச்சு?"

"எங்கிட்ட ஒண்ணும் பண்ணல. அண்ணன் வாறப்பல்லாம் நீ கழட்டுற, ஓடுது. அவர் போனதும் நீ கட்டுற, நிக்குது. நானும் பாத்துக்கிட்டேதான் இருக்கேன்."

கேட்டீங்களா அக்கா. பார்த்துக்கொண்டே இருக்கிறாளாம். அவள் வாயாலேயே ஒப்புக்கொள்கிறாள். எப்போது கட்டுகிறேன், எப்போது கழற்றுகிறேன் என்று வேவு பார்த்துக் கணக்கு வைத்திருக்கிறாள். கண் போடுகிறவளுக்குப் பழம்தானே இடைஞ்சல்? அதைக் கழற்றச் சொல்லாமல் வேறு எதைக் கழற்றச் சொல்வாள்?

"நீங்க உங்க கண்ணைக் கழட்டி வைங்க, நான் பழத்தைக் கழட்டி வைக்கிறேன்" என்றேன்.

அப்படியே நின்றாள். முகம் சுண்டிப் போனது. குற்றமுள்ள மனசு இல்லையா. "என் கண்ணா?" என்று கேட்டாள். "முட்டை பாக்குறதுக்கு இந்தக் கண்ணு நல்லாருந்துச்சா?" என்று கேட்டாள். பதில் சொல்லாமல் நான் உள்ளே போய்விட்டேன். அன்றைக்கு நான் செய்த நல்ல காரியம் அதுதான், வாயை மூடிக்கொண்டது. அதற்கு அடுத்த நாள் மூடவில்லை. தண்ணீர்க் குழாயடியில் நாலு பேருக்கு முன்னால் எல்லாவற்றையும் சொன்னேன்.

அதோடு பேச்சு நின்றது. ஆனால் பெட்டி நிற்க முடியாதே. வாயைத் திறக்காமலே இரண்டு பேரும் வேலை பார்த்தோம். அவள் டார்ச் அடித்துப் பார்த்த முட்டையை மேசையில் வைப்பாள், நான் எடுத்து அடுக்குவேன். கைகூடப் படாது.

அப்புறம்தான் அந்தப் புயல் காற்று நாள் வந்தது.

அந்தத் தடவை பெட்டி முழுக்கக் கிளிமூக்கு முட்டை. எங்கெங்கோ இருந்து ஆட்கள் சொல்லி வைத்துக் கொண்டுவந்து கொடுத்த முட்டைகள். நன்றாகப் பொரிந்தால் எங்கள் பேர் நிற்கும். இல்லாவிட்டால் இனிமேல் ஒருத்தரும் முட்டையோடு எங்கள் வாசல் மிதிக்கமாட்டார்கள். மறுநாள் பொரிக்க வேண்டும். அக்கா, பொரிக்கிறதற்கு முந்தின நாள் பெட்டிக் கதவில் காதை வைத்தால் உள்ளே சத்தம் கேட்கும், தெரியுமா. ஓட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு கீச்சு கீச்சு என்று பேசிக்கொள்ளும். எத்தனை தடவை கேட்டாலும் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். அவளும் நானும் ஆளுக்கு ஒரு பக்கம் காதை வைத்துக் கேட்டதெல்லாம் உண்டு. அது அப்போது.

காலையில் காற்று அடித்தது. வேப்பமரம் ஒன்று லைன் மேலேயே சாய்ந்தது. கரண்டு போனது. ஆண்கள் இரண்டு பேரும் மரம் வெட்டப் போய்விட்டார்கள். நான் வாசல் ஓரத்தில் ஜெனரேட்டர் வைக்கிற கொட்டகைக்குள் போய் உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். அவள் கண் படக் கூடாதில்லையா. அன்றைக்குப் பழம் ஒன்றில்லை, மூன்று கோத்தேன். கம்பியை இன்னும் நன்றாக உள்ளே செருகினேன். இழுத்தேன். இழுத்தேன். கை கொப்புளித்துப் போனது.

வெளியே இருந்து அவள் தட்டுகிறாள்.

"ஏ சின்னவளே, திற. பெட்டி ஆறிக்கிட்டு வருது."

"போங்க அங்கிட்டு."

"அதைக் கழட்டு புள்ள. ஒரே ஒரு தடவை. ஓடலைன்னா என் செருப்பால என்னைய அடி."

"நீங்க தள்ளிப் போனாத்தான் ஓடும்."

"நான் ஊரைவிட்டே போறேன். முதல்ல கழட்டு."

"நான் செத்தாலும் கழட்டமாட்டேன்."

"நீ சாகவேணாம்டி. உள்ள இருக்கிறது சாகுது."

தட்டுவது நின்றது. போய்விட்டாள் என்று நினைத்தேன். மறுபடியும் இழுக்கிறேன், அப்போது மிதுனா வாசற்படியில் இருந்து விழுந்து வீல் என்று கத்தினாள். பெற்ற மனசு கேட்குமா? தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு ஓடினேன். பிள்ளைக்கு நெற்றியில் சின்ன வீக்கம். தூக்கிக்கொண்டு திரும்புகிறேன், அவள் கொட்டகைக்குள் நிற்கிறாள்.

ஒரு கையில் பழமும் கம்பியும் தொங்குகிறது, மிளகாயோடு பிய்த்து எடுத்திருக்கிறாள். தொப்பியைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டாள். இன்னொரு கையால் கயிற்றைப் பிடித்தாள். இழுத்தாள்.

ஒரே இழுப்பு.

படபடவென்று எடுத்துக்கொண்டது. கொட்டகை அதிர்ந்தது. பெட்டியில் விளக்கு எரிந்தது. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள் அக்கா. கண்ணில் தண்ணீர் ஓடுகிறது, சிரிக்கிறாள். "பாத்தியா புள்ள, பாத்தியா" என்றாள்.

பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். இத்தனை நாள் என்ன எல்லாம் செய்தும் எடுக்காதது, அவள் கை பட்டதும் எடுக்கிறது என்றால் என்ன அர்த்தம்? வைத்தவளே வந்து எடுத்தாள் என்றுதானே அர்த்தம்? இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அவள் கையில் இருந்த கம்பியை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு தெருவுக்கு வந்தேன். மரம் வெட்டிக்கொண்டிருந்தவர்கள், குடத்தோடு நின்றவர்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். "எல்லாரும் பாத்துக்கங்க, கட்டு போட்டவளே கையால அவுத்துட்டா" என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அதெல்லாம் இந்தப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சொல்லக் கூடாது.

அவள் கொட்டகை வாசலில் நின்றாள். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டே இருந்தது, அந்தச் சத்தத்தில் அவள் ஏதாவது சொல்லியிருந்தாலும் கேட்டிருக்காது.

முட்டையா? பாதிக்கு மேலே பொரிந்தது. பழத்தின் சக்தி அதுவரைக்கும் தாங்கிப் பிடித்திருக்கிறது, இல்லாவிட்டால் அதுவும் மிஞ்சியிருக்காது.

அப்புறம் பெரியவர்களை வைத்துப் பேசினோம். நான் ஒரே முடிவாகச் சொல்லிவிட்டேன், அவள் கண் படுகிற இடத்தில் நான் தொழில் பண்ணமாட்டேன் என்று. இன்னும் சந்தேகம் இருந்தவர்களுக்காக அவர்கள் முன்னாலேயே புதுப் பழம் கட்டி இழுத்துக் காட்டினேன். எடுக்கவில்லை. அவள் கதவு மறைவில்தானே நின்றாள். பிரித்துவிடலாம் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அம்மா ஊரில் என் அண்ணன் ஒரு அறை ஒதுக்கித் தந்திருக்கிறான். முட்டை சேர்க்கச் சொல்லிவிட்டேன், சேர்த்தாகிவிட்டது. நாளைக்கே பெட்டியில் வைக்க வேண்டியதுதான். இந்த மாதம் அந்தப் பக்கம் கரண்டு வேலை நடக்கிறதாம், பகல் முழுக்க இருக்காதாம். இல்லாவிட்டால் என்ன, இது இருக்கிறதே.

பாகம் பிரிக்கிறபோது நடந்ததுதான் வேடிக்கை. பெட்டிக்குச் சண்டை போடுவாள் என்று நான் இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பெரியவர் ஒருத்தர், "ஏம்மா நாகஜோதி, பெட்டி உனக்கா அவளுக்கா" என்று கேட்டார். "அவளே எடுத்துக்கட்டும்" என்றாள். ஜெனரேட்டர்? "அதையும் எடுத்துக்கட்டும்." அந்த டார்ச்சையும் என் பக்கம் தள்ளிவிட்டாள். "அப்ப உனக்கு எதுவுமே வேணாமா" என்று கேட்டார்கள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். பழம் கட்டுற அந்தச் செப்புக்கம்பி. அதை மட்டும் எங்கிட்டக் குடுத்துட்டுப் போகச் சொல்லுங்க" என்றாள்.

கேட்டீங்களா அக்கா. பெட்டி வேண்டாம், ஜெனரேட்டர் வேண்டாம், கம்பி வேண்டுமாம். எதற்கு? நான் போகிற இடத்திலும் என்னைக் காப்பில்லாமல் ஆக்குவதற்குத்தானே? கொடுப்பேனா? முந்தானையில் முடிந்துகொண்டேன். "உயிரை வேணா கேளுங்க, கம்பி கிடையாது" என்றேன். அவள் எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டாள். இன்றைக்குக் கிளம்பும்போதுகூட வெளியே வரவில்லை. இவள்தான் அந்தக் கதவைப் போட்டு அடித்துக்கொண்டு நின்றாள், பெயிம்மா பெயிம்மா என்று. பெரியம்மா என்று சொல்ல வராது இதற்கு. பிடித்து இழுத்துத்தான் கொண்டுவந்தேன். இதோ, பேரைக் கேட்டதும் ஆரம்பித்துவிட்டது பாருங்க. பெயிம்மா இங்கே இல்லைடி. பெயிம்மா வரமாட்டா. அழாதே. அழுதால் இந்த அக்கா வைவாங்க.

அம்மா வீட்டிலும் ஜாக்கிரதையாகத்தான் இருக்கணும். அண்ணன் பெண்டாட்டி போன தடவை இவளைப் பார்த்து, நல்லா கொழுகொழுவென்று இருக்கிறாளே என்று சொன்னாள். அவளையும் ஒரு கண் வைத்துக்கொள்ளணும்.

கம்பியா? இருக்கிறது, பையிலேயே இருக்கிறது. பார்க்கிறீங்களா? இதோ. எப்படிப் பளபளக்கிறது பாருங்க. பழமும் வாங்கியாகிவிட்டது, வேடசந்தூரிலேயே. நல்ல சாறுள்ள பழம். போய் இறங்கியதும் முதல் வேலை இதுதான். இந்த நுனி தொப்பிக்குள்ளே போகும், இந்த நுனி போல்ட்டில். ஆமாம், தொப்பிக்குள்ளேதான். ஆமாம், போல்ட் இரும்புதான், வேறு என்ன தங்கமா?

என்ன அக்கா, முகம் ஒரு மாதிரி ஆகிறது? சொல்லுங்க, பரவாயில்லை.

என்னது?

கழற்றிவிட்டு இழுத்துப் பார்க்கணுமா?

உங்களுக்கு எந்த ஊர் அக்கா? எரியோடா? நினைத்தேன். நாகஜோதி பிறந்தது எரியோடுக்குப் பக்கம்தான். தெரியாதா? தெரியாமலா அவள் சொன்னதையே அட்சரம் பிசகாமல் சொல்கிறீங்க? ஜெனரேட்டர் என்று நான் சொன்னதுமே, பரவாயில்லையே, நல்ல சாமானா இருக்கே என்று சாக்கைத் தடவிப் பார்த்தீங்களே. அப்போதே எனக்குப் பட்டது.

கம்பியைக் கொடுங்க. கொடுங்க என்றேன்.

மிதுனா, வளையலை விடு. வா இந்தப் பக்கம்.

கண்டக்டர் அண்ணே, முன்னாடி சீட்டு ஏதும் காலியா இருக்கா? ஜன்னல் எல்லாம் வேண்டாம். இந்தச் சாக்கு யார் கண்ணிலும் படாத இடமாக இருந்தால் போதும்.